வாசல் வரைக்கும் வந்த விமானம்

எங்கள் வீட்டில் நான் சொல்லி ஒரு தம்ளர்கூட இடம் மாறியதில்லை. டிவி சத்தத்தைக் குறையுங்கள் என்றால் கூடும். ஈரத்துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்றால் நாற்காலியில் போடுவார்கள். அலுவலகம் அதைவிட மோசம். துறைமுகத்துக்கு எதிரே, கப்பல் சரக்குக்கு ஆவணம் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே தண்ணீர் கேன் போடுகிறவரைத் தவிர எல்லாருமே எனக்கு மேலதிகாரி. இப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மைக்கில் “ஹோல்ட் பொசிஷன்” என்றேன். சொன்ன இடத்தில் ஒரு விமானம் நின்றது. முழு விமானம்! முணுமுணுக்காமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், நான் சொன்னதை எனக்கே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு நின்றது. அன்றைக்கு விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

நிஜ விமானம் இல்லை, பயந்துவிடாதீர்கள். கணினியில் விமானம் ஓட்டும் பொழுதுபோக்குக்காரர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அவரவர் வீட்டில் உட்கார்ந்து பறப்பார்கள். எல்லாரும் இணையத்தில் ஒரே வானத்தில் பறப்பதால், முட்டிக்கொள்ளாமல் இருக்க நாங்கள் சிலர் அதே மாதிரி வீட்டில் உட்கார்ந்து கட்டுப்பாட்டுக் கோபுரம் நடத்துவோம். யார் இறங்கலாம், யார் கிளம்பலாம், யார் காத்திருக்கணும் என்று சொல்வது எங்கள் வேலை. நான் மீனம்பாக்கத்தை நடத்தினேன், திருவொற்றியூரில் இரண்டாவது தெருவில், துணி மடித்து வைத்த கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து.

இந்தச் சனியனை வீட்டுக்குள் கொண்டுவந்தது என் கணவர். எண்ணூர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. ஆசைப்பட்டு கணினி, விமானம் ஓட்டும் கைப்பிடி எல்லாம் வாங்கினார். கொஞ்ச நாள் கடலில் மோதினார், கொஞ்ச நாள் மலையில் மோதினார், விட்டுவிட்டார். அந்தக் கைப்பிடியை எடுத்துக்கொண்டவர் என் மாமனார். மைக்கை எடுத்துக்கொண்டவள் நான். பிறகு மாமனாருக்கென்று பழைய கணினி ஒன்றும் அடுத்த அறைக்கு வந்து சேர்ந்தது.

மாமனார் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு ஓட்டிய டிரைவர். முட்டி தேய்ந்து கரையில் உட்காரும்படி ஆனது. கரையில் உட்காரத் தெரியாத மனிதர். வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போகிற வருகிற டிரெய்லர் லாரிகளை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடி கிடைத்ததும் அவர் செய்த முதல் காரியம், மீனம்பாக்கத்தில் கிளம்பி கடலோரமாகவே வடக்கே வந்து எங்கள் வீட்டைத் தேடியதுதான். அந்தக் கணினி உலகத்தில் எங்கள் தெரு இல்லை. சிவப்பு ஓடு போட்ட வெளிநாட்டு பங்களாக்களும் புல்தரையுமாக இருந்தது.

“ஏம்மே, இங்க வா. நம்ம வூட்டாண்ட புல்லு மொளச்சிகீது பாரு!” என்று தன் மனைவியை, என் அத்தையை, கூப்பிட்டுக் காட்டினார்.

காசிமேட்டில் ஒரு படகு இல்லை. “இன்னா ஊருய்யா இது, வருசம் பூரா தடைக்காலமா?” என்றார். எண்ணூர் புகைபோக்கிகள் நின்றன, புகை இல்லை. அத்தை மட்டும் அதைப் பார்த்து ஏங்கிப் போனார். “பேசாம அங்கியே குடி போய்டலாம். தொவச்சி காயப்போட்ட துணி கரியாவாது” என்றார்.

வானொலிப் பேச்சுதான் மாமனாருக்குத் தகராறு. மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அந்த ஆங்கிலத்தை நெட்டுருப் போட்டுவிட்டார், அதில் குறையில்லை. பழக்கம்தான் மாறவில்லை. துறைமுக வாயில் மீனோடு வருகிற லாஞ்சுக்குக் காலி லாஞ்சு ஒதுங்கும் என்பது அவர்களுக்குள் ஒரு மரியாதை. அதை ஆகாயத்துக்கும் எடுத்துப் போனார். முதன்முதலாக அவர் சென்னை கோபுரத்தைக் கூப்பிட்டுச் சொன்னது: “டவர், லோடோட வந்துகினு கீறேன். வழி வுடு.” பெங்களூரிலும் புனேயிலும் உட்கார்ந்து பறந்துகொண்டிருந்த பையன்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவரைப் பிடித்துப்போனது. அங்கிள், அங்கிள் என்று ஒட்டிக்கொண்டார்கள். அவருக்கு அதில் ஏகப் பெருமை.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் கோபுரத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிட முடியாது. முதலில் பக்கத்தில் ஒருவர் கண்காணிக்கப் பழக வேண்டும். பிறகு தேர்வு. தேர்வாளர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க, நிஜமாகவே வந்து போகும் விமானங்களைத் தனியாகச் சமாளித்துக் காட்ட வேண்டும். தேறினால் கோபுரம் நம் கையில். தேறாவிட்டால் மறுபடி வரிசையின் கடைசியில். சம்பளம் கிடையாது, சான்றிதழை மாட்டிவைக்கச் சுவரும் கிடையாது. இருந்தாலும் எனக்கு அது வேண்டும். அப்படி ஒரு வேண்டும். என் சொல்லை நாலு பேர் கேட்டு நடக்கும் இடம் இந்த உலகத்தில் எனக்கு அது ஒன்றுதான்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தது வினை.

பயிற்சிக்கு உட்கார்ந்திருந்தேன். மாமனார் கடல் பக்கத்திலிருந்து இறங்க வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லை. விதி என்ன? பின்னால் வருகிறவரிடம் “கோ அரவுண்ட்” சொல்ல வேண்டும். இறங்காதே, மேலே ஏறி ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வா என்று பொருள். சொன்னேன். போனார், சுற்றிக்கொண்டு வந்தார். அவர் வந்த நேரம் வேறொரு புண்ணியவான் கிளம்புகிறேன் என்று பாதையில் ஏறி எதையோ மறந்துவிட்டு நின்றான். மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை வந்தபோதும் பாதையில் ஆள். நான் என்ன செய்ய? அவர் தலையெழுத்து. மூன்றாவது தடவையும் சொன்னேன். அங்கிள் என்று ஒட்டிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

அடுத்த அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

“எவ்ளோ நாளா மனசுல வச்சினுகீற இத்த? என்ன எறங்கவே வுடமாட்டியா நீ?”

“மாமா, ரன்வேல பிளேன் நிக்குது மாமா.”

“நிக்கட்டும். வாசப்படி வரைக்கும் வந்தவன திருப்பி அனுப்புற. அதுவும் மூணு தபா. எங்க சனத்துல பகையாளிய கூட அப்டி அனுப்பமாட்டாங்க.”

“நான் எங்க மாமா வராதீங்கன்னேன்? சுத்திட்டு வாங்கன்னுதான சொன்னேன்.”

“அத்தான் நானும் சொல்றேன். வாசல்ல வச்சி சுத்திட்டு வான்னு சொல்றவ நீ.”

அவ்வளவுதான். பேச்சு நின்றது. எங்கள் வீட்டில் பேச்சு நிற்பதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. சோறு சாப்பிடுவார்கள், ஒரே கூடத்தில் உட்கார்வார்கள், காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கி வருவார்கள். நேராகப் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். சேதி எல்லாம் நடுவில் ஒருத்தர் வழியாகப் போகும். எங்களுக்கு நடுவில் இருந்தவர் அத்தை. காசிமேட்டில் மீன் ஏலம் விட்ட குரல். ஒரே கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்க, “ரசத்துல உப்பு இல்லன்னு சொல்லு அவகிட்ட” என்பார் மாமனார். அத்தை என் பக்கம் திரும்பி, “உப்பு கம்மியாம். மத்தபடி நல்லா கீதாம்” என்பார். “மத்தபடி நல்லா கீதுன்னு நான் எப்ப சொன்னேன்?” என்று அவர் கத்துவார். “நான் துன்னு பாத்தேன், நல்லா கீது. உன்ன யாரு கேட்டாங்க?” என்பார் அத்தை. இப்படி ஒரு வாரம். நான் செய்ததில் துளி தப்பில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. பாதையில் விமானம் நிற்கும்போது அந்த எமனே இறங்க வந்தாலும் சுற்றிவிட்டுத்தான் வரணும்.

அந்த வாரம் எனக்கு இன்னொரு கவலை. தேர்வு நடக்க வேண்டுமானால் வானத்தில் போதுமான விமானங்கள் இருக்க வேண்டும். ஆள் குறைந்தால் தேர்வாளர் தள்ளிவைத்துவிடுவார். வருகிறேன் என்று சொன்ன பையன்கள் ஒவ்வொருவனாகக் கழன்றுகொண்டிருந்தார்கள். ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவனுக்குக் கிரிக்கெட். படகில் வேலையிலிருந்த கணவரிடம் போனில் இதையே சொல்லிப் புலம்பித் தீர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பாடு முடிந்ததும் அத்தையிடம் மிக்ஸி போடாதீர்கள், குக்கர் வைக்காதீர்கள், யார் வந்தாலும் வாசலிலேயே பேசி அனுப்புங்கள் என்று கெஞ்சிவிட்டு உட்கார்ந்தேன். தேர்வாளர் வடக்கே ஏதோ ஊர்க்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது. விதிப் புத்தகம் மாதிரியே பேசுகிற குரல். வானொலியில் பேசுவது எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், வழக்கமான சொற்களாகவே இருக்க வேண்டும் என்று மறுபடி நினைவுபடுத்தினார். எஸ் சார் என்றேன். வானத்தில் ஆள் கொஞ்சம்தான். ஒன்றிரண்டு குறைகிறதே என்று அவர் இழுத்த நேரத்தில், திரையில் புதிதாக ஒரு புள்ளி முளைத்தது. கடல் பக்கத்திலிருந்து இறங்க வருகிறது.

அந்த விமானத்தின் பெயரைப் பார்த்தேன். அடுத்த அறைக்காரர்.

கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலி கிறீச்சிடுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது. என் குரல் அவருக்கு இணையத்திலும் கேட்கும், சுவர் வழியாகவும் கேட்கும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. நேராகப் பேசுவதில்லை என்றால் பேசுவதில்லைதான், ஆகாயமாவது பூமியாவது!

“அந்த விமானம் பதில் சொல்லவில்லை. என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று தேர்வாளர் தனி இணைப்பில் கேட்டார்.

சார், அவர் என் மாமனார், எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை என்பதற்கு வழக்கமான ஆங்கிலச் சொல் ஏது? ரேடியோ கெட்டுப்போன விமானத்துக்கு என்ன செய்வோமோ அதைச் செய்கிறேன் என்றேன். விமானத்தில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் எங்கள் திரையில் அந்தப் புள்ளி மினுங்கும். வாய் திறக்க முடியாதவர்கள் ‘கேட்கிறது’ என்று தெரிவிக்கும் வழி அது. “நான் பேசுவது கேட்டால் அந்தப் பொத்தானை அமுக்குங்கள்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

புள்ளி மினுங்கியது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயில் துப்பட்டாவை வைத்து அழுத்திக்கொண்டேன். இடது பக்கம் திரும்புங்கள் என்றேன், மினுங்கினார், திரும்பினார். உயரத்தைக் குறையுங்கள் என்றேன், மினுங்கினார், குறைத்தார். ஒரு வாரமாக அத்தை வழியாக நடந்த குடித்தனம் இப்போது பொத்தான் வழியாக நடந்தது. “வெரி குட்” என்றார் தேர்வாளர். பாவம், என்ன தெரியும் அவருக்கு. இறங்கலாம் என்று அனுமதியும் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் கவனித்தேன். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றிருந்த வேறொரு விமானம், யாரையும் கேட்காமல் மெதுவாக உருண்டு வந்து ஓடுபாதையின் நட்டநடுவில் நின்றது. ஓட்டுகிற பையன் புதுசு. பிரேக்கை எடுத்தது போட்டது எதுவும் தெரியவில்லை அவனுக்கு. வெளியே போ என்கிறேன், “ஸாரி மேம், ஸாரி மேம்” என்கிறான், நகரவில்லை.

மாமனார் இறங்கி வந்துகொண்டிருக்கிறார்.

ஐயோ என்று ஆகிவிட்டது. சொல்லாவிட்டால் இரண்டும் மோதும், தேர்வு போச்சு. சொன்னால் நாலாவது தடவையாக அவரை வாசலோடு திருப்பி அனுப்புகிறேன், பொங்கல் வரைக்கும் அத்தைதான் நடுவில். ஒரு நொடிதான் யோசித்தேன். “கோ அரவுண்ட்” என்றேன்.

புள்ளி மினுங்கவில்லை. உயரம் குறைந்துகொண்டே வந்தது. மறுபடி சொன்னேன், இன்னும் உரக்க. மினுங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலிகூட அசையவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டலாம் என்றால் இடத்தை விட்டு எழுந்தாலே தேர்வு முடிந்தது. நான் மைக்கை அழுத்தினேன். வாயில் வந்தது தமிழ்தான்.

“மாமா, வாசல்ல ஒரு கொழந்த குந்தினுகீது மாமா. மிதிச்சிட்டா உள்ள வருவீங்க? ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. நான் இங்கியேதான் குந்தினுகீறேன், எங்கியும் போவல. வந்தவரு எறங்காம நானும் எழுந்திருக்கமாட்டேன்.”

மாமனாரின் கரகரத்த குரல், ஒரு வாரத்துக்குப் பிறகு முதன்முதலாக, விமானத்தின் பெயரோடு முறையாக வந்தது: “கோயிங் அரவுண்ட்.”

உயரம் ஏறியது. பையனை ஒருவழியாகப் பாதையை விட்டுக் கிளப்பினேன். மாமனார் சுற்றிக்கொண்டு வந்து, ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கினார்.

தேர்வு முடிந்து தேர்வாளர் தனி இணைப்பில் பேசினார். எல்லாம் நன்றாக இருந்தது, ரேடியோ கெட்ட விமானத்தை நன்றாகவே கையாண்டீர்கள், ஆனால் கடைசியில் உங்கள் மொழியில் யாரிடமோ சொந்தக் கதை பேசினீர்கள். அதுவும் ஆபத்தான நேரத்தில். இதை விட முடியாது. அடுத்த முறை பார்க்கலாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கும் அழாதவள், இதற்குப் போய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு “ஸாரி சார், ஸாரி சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது.

“இன்னாத்துக்கு அவங்கிட்ட ஸாரி சொல்ற?” என்றார் மாமனார். அத்தையைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

“ஃபெயிலாம் மாமா. தமிழ்ல பேசிட்டேனாம்.”

“நீ எங்க பேசின, நான்தான பேசாம கெடந்தேன். அத்த இங்க குடு.”

தடுக்கிறதற்குள் மைக்கை வாங்கிவிட்டார். “சார். ஐ ஆம் த பைலட். ரேடியோ குட். காது... இயர் ஆல்சோ குட். ஆல் ஹியரிங். நோ டாக்கிங். ஃபேமிலி மேட்டர். ஷீ நோ மிஸ்டேக்.”

தேர்வாளர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். உங்களுக்கு எல்லாம் கேட்டது, வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை, அப்படித்தானே? இதற்காக நான் உங்களைப் பறக்க விடாமல் கொஞ்ச காலம் தடை செய்ய வேண்டிவரும், தெரியுமா?

அந்தக் கைப்பிடி இல்லாவிட்டால் அவருக்கு மறுபடி வாசலும் டிரெய்லர் லாரியும்தான். வேண்டாம் மாமா என்று கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“அஃபர்ம்” என்றார். ஆமாம் என்பதற்கு வானொலியில் அதுதான் சொல்.

என்ன பேசினேன் என்று தேர்வாளர் என்னிடம் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். குழந்தை என்றது அந்தப் புதுப் பையனை என்பதையும் சொன்னேன். அவர் இருமினார். சிரிப்பாகவும் இருந்திருக்கலாம். பாதையில் விமானம் நிற்க, ஒரு விமானி வேண்டுமென்றே பேசாமல் வரும்போது, அவருக்கு எந்த மொழியில் சொன்னால் உறைக்குமோ அந்த மொழியில் சொல்லலாம் என்றார். தேறிவிட்டீர்கள் என்றார். அங்கிள் மட்டும் சில வாரம் ஓய்வெடுக்கட்டும் என்றார்.

இணைப்பை அணைத்தேன். அத்தை கதவருகே நின்றுகொண்டிருந்தார், இனி தன் வழியாகச் சேதி போகாது என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது.

“ஏன் மாமா, கோவம்னா வராமலே இருந்திருக்கலாமே?” என்றேன்.

“பிளேனு பத்தலன்னு நீதான போன்ல பொலம்பின? அதான் வந்தேன். பேசறேன்னு எங்க சொன்னேன்?” என்றார். டீ போடப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகக் கோபுரம் என் ஒருத்தியின் கையில் வந்தது. யாரும் கண்காணிக்கவில்லை, எனக்கு மேலே யாரும் இல்லை. பறக்க முடியாத மாமனார், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். உங்கள் அறைக்குப் போங்கள் மாமா என்று இரண்டு தடவை சொன்னேன். என் சொல்லுக்கு வானத்தில் ஏழெட்டு விமானங்கள் நின்றன, திரும்பின, இறங்கின. அந்த நாற்காலி மட்டும் அசையவில்லை. நான் அனுமதி கொடுக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் பின்னாலிருந்து “ம்” என்று ஒரு சத்தம். எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு விமானத்துக்கு அந்த “ம்” வரவில்லை. நான் மைக்கை அழுத்திய விரலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். “லோடோட வரவன நிக்க வச்சிட்டு காலிக்கு வழி வுடற?” என்றார் மாமனார்.